இன்னொருவர் வீட்டில், ஸ்ட்ராத்ஃபீல்டில்

நர்சிங் படிக்கவோ ஆசிரியர் பயிற்சிக்கோ சமையல் கலை கற்கவோ சிட்னிக்குப் போகிற நம் பிள்ளைகளில் பலர் முதல் சில மாதங்களை ஹோம்ஸ்டே என்ற ஏற்பாட்டில் கழிக்கிறார்கள். ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தரும். கட்டில், மேசை, அலமாரி, மின்சாரம், தண்ணீர், இணையம், பெரும்பாலும் காலை உணவும் இரவு உணவும் சேர்த்து வாரக் கட்டணமாக வாங்கிக்கொள்ளும். இதில் விடுதியின் சாயலும் உண்டு, வாடகை வீட்டின் சாயலும் உண்டு, உறவினர் வீட்டின் சாயலும் உண்டு. எந்த நேரத்தில் எதுவாக எடுத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். விசாவுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் வழி சொல்ல நம் ஊரில் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் அன்றாடம் எப்படி இருப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அதற்காக.

ஸ்ட்ராத்ஃபீல்ட் சிட்னி நகர மையத்துக்கு மேற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் இருக்கிறது. மாணவர்கள் அந்த ஊரைத் தேடிப் போவது பெரிதும் ரயிலுக்காக. மேற்கே பாரமட்டா, வெஸ்ட்மீட், பிளாக்டவுன் போகிற வண்டியும், வடக்கே ஹார்ன்ஸ்பி போகிற வண்டியும், கிழக்கே சென்ட்ரல் போகிற வண்டியும் அங்கே நிற்கும். சென்ட்ரலுக்கு விரைவு வண்டியில் கால் மணி நேரம் போதும். ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் ஊருக்குள்ளேயே பார்க்கர் சாலையில் இருக்கிறது. கான்கார்ட் மருத்துவமனை பக்கத்தில்தான். வெஸ்ட்மீட் மருத்துவமனைக்கு ஒரே ரயிலில் போய்விடலாம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சதுக்கத்தைச் சுற்றிக் கொரிய எழுத்தில் பெயர்ப் பலகைகள் தெரியும். நேபாளிகளும் சீனர்களும் நிறைய இருக்கிறார்கள். மேற்கே அடுத்த நிலையம் ஹோம்புஷ், அதற்கடுத்தது ஃபிளெமிங்டன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இந்தப் பக்கத்தில் வந்து வேரூன்றின. அதனால் முருங்கைக்காய்க்கும் யாழ்ப்பாணக் கறித்தூளுக்கும் அலைய வேண்டியதில்லை. ஃபிளெமிங்டனில் 1975இலிருந்து இயங்கும் பெரிய காய்கறிச் சந்தையில் வார இறுதியில் நாமும் போய்ச் சில்லறையாக வாங்கலாம்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'ஆஸ்திரேலியக் குடும்பம்' என்றதும் பொன்னிற முடியும் நாயும் புல்வெளியும் கொண்ட ஒரு வீட்டை மனத்தில் வரைந்துகொண்டு வந்து இறங்குகிறார்கள். ஸ்ட்ராத்ஃபீல்டில் கதவைத் திறப்பது கொரியத் தாயாக இருக்கலாம், லெபனானிலிருந்து வந்த பாட்டியாக இருக்கலாம், பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸாக இருக்கலாம், மட்டக்களப்பிலிருந்து வந்த ஆசிரியராகவும் இருக்கலாம். அத்தனை பேரும் ஆஸ்திரேலியர்கள்தான். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். புது நாட்டுக்கு வந்து தடுமாறிய முதல் வருடம் இவர்களில் பலருக்கு மறந்திருக்காது. அதனாலேயே மாணவர்களின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் தங்கவைத்துப் பயிற்சி தருவது ஆஸ்திரேலியாவுக்குப் புதிதல்ல. 1950 ஜனவரியில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது உருவானது, ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டம். ஆஸ்திரேலிய அமைச்சர் பெர்சி ஸ்பெண்டர் அதை முன்னின்று வகுத்தவர்களில் ஒருவர். அதன்படி 1951 தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரை சுமார் 20,000 ஆசிய மாணவர்களும் பயிற்சி பெறுவோரும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் அடக்கம். வெள்ளையர் அல்லாதவரைக் குடியேற விடாத கொள்கை அப்போது நடப்பில் இருந்தது. 1901இல் சட்டமான அந்தக் கொள்கை 1966இல்தான் தளர்ந்தது, 1973இல்தான் முற்றாக ஒழிந்தது. குடியேறக் கூடாதவர்கள் படிக்க மட்டும் வந்தார்கள். விடுதிகள் போதாததால் போர்டிங் வீடுகளிலும் குடும்பங்களோடும் தங்கினார்கள். ஆசியர் ஒருவரோடு அதுவரை பேசியே இராத குடும்பங்கள் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டன. அந்தக் கொள்கை மீது ஆஸ்திரேலியர்களுக்கே வெறுப்பு வளர்ந்ததில் இந்தச் சாப்பாட்டு மேசைகளுக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன்.

இனி அன்றாடத்துக்கு வருவோம். ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நம் வீடுகளில் கேட்காமலே நடக்கும். முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடிப்பார்கள். "போதும்" என்று சொன்ன பிறகு விழுகிற கரண்டிதான் உபசாரம். அங்கே "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று கேட்பார்கள். நீங்கள் மரியாதைக்கு "வேண்டாம்" என்றால் பாத்திரத்தை மூடி எடுத்து வைத்துவிடுவார்கள். அதில் கஞ்சத்தனம் இல்லை. நீங்கள் சொன்னதை மதித்து நடக்கிறார்கள், அவ்வளவுதான். குளிர்கிறது என்றால் இன்னொரு போர்வை கேட்க வேண்டும். பால் தீர்ந்துவிட்டால் சொல்ல வேண்டும். துவைக்கும் எந்திரத்தை எந்த நாளில் தொடலாம் என்று விசாரிக்க வேண்டும். அழுகிற பிள்ளைதான் பால் குடிக்கும் என்ற நம் பழமொழி அந்த வீட்டுக்கு அப்படியே பொருந்தும். முதல் வாரத்தில் வெட்கத்தை ஒதுக்கிவைத்துக் கேட்டுவிடுகிறவர்கள் மூன்றாம் மாதத்திலும் முகம் கோணாமல் இருக்கிறார்கள். கேட்காமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள், "அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை" என்று ஊருக்குப் போன் செய்து அழுகிறார்கள். அந்தக் குடும்பமோ, பிள்ளை சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டில் இப்படி வாய்விட்டுச் சொல்வது எல்லாவற்றையும்விட முக்கியம். சைவம் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதாது. முட்டை சாப்பிடுவீர்களா, மீன் ஆகுமா, கோழி வேகவைத்த நீரில் செய்த சூப் ஆகுமா, மாட்டிறைச்சி சுட்ட அதே தட்டில் காய்கறி சுட்டால் ஆகுமா என்று விரித்து எழுதுங்கள். செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம் என்ற நம் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாட்காட்டியில் குறித்துக் கொடுத்தால் பின்பற்றுவார்கள். வேலை நாட்களில் காலையுணவு என்பது ரொட்டியும் பாலில் போட்ட தானியமும்தான். அதை நீங்களே எடுத்துச் சாப்பிட வேண்டும், யாரும் பரிமாற மாட்டார்கள். மதியத்துக்கு நீங்களே கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கோ ஏழு மணிக்கோ முடிந்துவிடும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு முதலில் திணறும், பிறகு பழகிவிடும். வரத் தாமதமானால் மாலை நான்கு, ஐந்து மணிக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். ஒரு தட்டை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள். சொல்லாமல் வராமல் இருப்பதுதான் அவர்களை மிகவும் புண்படுத்தும்.

சாப்பிட்டு முடித்தால் உங்கள் தட்டை நீங்கள் எடுத்துப் போய்க் கழுவ வேண்டும், அல்லது பாத்திரம் கழுவும் எந்திரத்தில் அடுக்க வேண்டும். வீட்டுத் தலைவரும் அதைத்தான் செய்வார். நம் ஊரில் மகனுக்கு அம்மாவோ அக்காவோ தட்டெடுக்கிற வீட்டில் வளர்ந்த பையன்கள் இதை ஊரிலேயே பழகிக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். நா எழாது. ஆனாலும் அவர்கள் விருப்பப்படியே அழைப்பதுதான் அங்கே மரியாதை. யாழ்ப்பாணத் தமிழர் வீடென்றால் அன்ரி, அங்கிள் என்றே அழைக்கலாம், எதிர்பார்ப்பதும் அதையே. கொரியர் வீட்டில் செருப்பை வாசலில் கழற்றுவது நம் வீட்டைப் போலவே கட்டாயம்.

குளியலறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. பல வீடுகளில் வெந்நீர் ஒரு தொட்டியில் காய்ந்து நிற்கிறது. ஒருவர் இருபது நிமிடம் குளித்தால் அடுத்தவருக்குத் தண்ணீர் குளிர்ந்தே வரும், தொட்டி மறுபடி சூடாக நேரமாகும். ஐந்து நிமிடத்தில் குளித்து வா என்று சொல்வதற்கு இது முதல் காரணம். மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் இரண்டாவது. வறட்சியின் நினைவு மூன்றாவது. 2019 டிசம்பரில் சிட்னியில் கடுமையான தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது, தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கவே கூடாது என்கிற அளவுக்கு. அதைப் பார்த்தவர்கள் குழாயைத் திறந்து விட்டுப் பல் தேய்க்க மாட்டார்கள். குளிக்கும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தரை உலர்ந்தே இருக்க வேண்டும். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிற வழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான். கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்த ஒரு சிறிய குவளையோ பிளாஸ்டிக் குடுவையோ வைத்துக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை. கீழே சிந்தினால் துடைத்துவிட்டு வர வேண்டும். வடிகாலில் சிக்கிய முடியை எடுத்துக் குப்பையில் போடுவதும் உங்கள் வேலை.

சமையலறையைப் பயன்படுத்த அனுமதி இருந்தால் தாளிக்கிறபோது கவனம். நியூ சவுத் வேல்ஸில் 2006 மே 1 முதல் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். கடுகும் மிளகாய் வற்றலும் காய்ந்த எண்ணெயில் விழுந்தால் அது வீடே அதிரும்படி கத்தும். அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றிழுப்பானை முதலில் போட்டு, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவுகளை மூடிவிட்டுத் தாளியுங்கள். கருவியின் பேட்டரியைக் கழற்றி வைப்பது ஒருபோதும் கூடாது, அது உயிர் காக்கும் பொருள். படுக்கையறையில் கற்பூரம், ஊதுவத்தி, விளக்கு ஏற்ற வேண்டாம். தரைவிரிப்பில் ஒரு பொறி விழுந்தால் போதும். சாமி படமும் திருநீறும் வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை. மனம் கேட்காவிட்டால் மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது, ரயிலும் பேருந்துமாகப் போய்விடலாம்.

குளிரைப் பற்றி ஊரில் யாரும் எச்சரிப்பதில்லை. சிட்னி என்றதும் கடற்கரை வெயில்தான் எல்லார் நினைவிலும் வருகிறது. ஜூலையில் இரவு வெப்பம் 8 டிகிரியை ஒட்டி இறங்கும். பல பழைய வீடுகள் குளிரைத் தடுக்கிற மாதிரி கட்டப்படவில்லை. வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடும் இருக்காது. அறைக்கு ஒரு சிறு ஹீட்டர் தருவார்கள். எத்தனை மணி வரை போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போது அணைத்துவிடுங்கள், அதன் மேல் ஈரத்துணி போடாதீர்கள். வீட்டுக்குள்ளேயும் கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

தொலைபேசிக்கு வருவோம். சிட்னி நேரம் நமக்கு நாலரை மணி நேரம் முந்தியது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் ஐந்தரை மணி நேரம். அம்மா வேலையெல்லாம் முடித்து இரவு ஒன்பதுக்கு அழைத்தால் ஸ்ட்ராத்ஃபீல்டில் இரவு ஒன்றரை, கோடையில் இரண்டரை. சுவர்கள் மெல்லியவை. நாம் பேசுவதோ கொஞ்சம் சத்தமாக. பக்கத்து அறையில் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் விழித்துக் கிடப்பார். ஊரில் மாலை மூன்று, நான்கு மணி வாக்கில் பேசுவதென்று கிளம்புவதற்கு முன்பே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். அம்மாக்களுக்கு இது கஷ்டம்தான். இருந்தாலும் பிள்ளையின் தூக்கத்தை நினைத்துப் பழகிக்கொள்வார்கள்.

நர்சிங் மாணவர்களுக்கு வீட்டு வாழ்க்கை இன்னொரு விதத்திலும் கடினம். இளநிலை நர்சிங் படிப்பில் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பயிற்சி செய்தாக வேண்டும். காலை முறை ஏழு மணிக்குத் தொடங்கும், பிற்பகல் முறை இரவு பத்தை நெருங்கி முடியும். வீடு உறங்கும்போது வருகிறோம், வீடு உறங்கும்போதே கிளம்புகிறோம். பயிற்சி அட்டவணை கையில் வந்ததும் ஒரு படி எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். சாவி, வாசல் விளக்கு, எடுத்து வைக்கும் சாப்பாடு எல்லாம் அதன்படி நடக்கும். ஒரு முறை மாறினாலும் திருத்தி எழுதுங்கள். பயிற்சி இல்லாத மாலைகளில் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு கிடக்காமல் மேசைக்கு வந்து உட்காருங்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் முதியவர் பாடப்புத்தக ஆங்கிலத்தில் பேச மாட்டார். பிற்பகலை 'ஆர்வோ' என்பார், உடம்பு முடியவில்லை என்பதை 'க்ரூக்' என்பார். இதெல்லாம் காதில் விழுந்து பழகுகிற இடம் சாப்பாட்டு மேசைதான். அதனால்தான் முதல் மூன்று, நான்கு மாதமாவது தமிழ் பேசாத வீட்டில் தங்குங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். ஹோம்புஷ் தமிழ் வீட்டில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும், மனமும் ஆறும், உண்மைதான். ஆனால் நோயாளி சொல்வது புரியாமல் நிற்கிற பயிற்சி நர்ஸின் தவிப்பை அந்த இடியப்பம் தீர்க்காது. காது பழகிய பிறகு தாராளமாக மாறிக்கொள்ளலாம்.

இனி பணம். கட்டணம் வாரக் கணக்கு என்பதை மறந்து பலர் நான்கால் பெருக்கி மாதச் செலவு போடுகிறார்கள். வருடத்துக்கு 52 வாரம். 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால்தான் சரியான மாதச் செலவு. பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு வாரப் பணத்தை முன்கூட்டியே கேட்பார்கள். இடம் பிடித்துத் தரும் நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. படிக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது 2023 ஜூலை 1 முதல் உள்ள விதி. படிப்பின் பகுதியாகச் செய்யும் மருத்துவமனைப் பயிற்சி இந்தக் கணக்கில் சேராது. ஆனால் 2024 மே 10 முதல் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாகக் காட்ட வேண்டிய தொகை 29,710 ஆஸ்திரேலிய டாலர். பகுதி நேர வேலையை நம்பி அதற்குக் குறைவான கையிருப்போடு வருவது ஆபத்து, ஏனென்றால் பயிற்சி வாரங்களில் வேலைக்குப் போக நேரமே கிடைக்காது. கல்லூரி வழியாகவோ கல்லூரி பரிந்துரைக்கும் நிறுவனம் வழியாகவோ மட்டும் வீடு தேடுங்கள். படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் கேட்கிறவர்களுக்கு ஒரு காசும் அனுப்ப வேண்டாம்.

சட்டம் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் வாடகைக்குக் குடியிருப்போரைக் காப்பது 2010ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். வீட்டுக்காரரோடு அதே வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. 2012ஆம் ஆண்டின் போர்டிங் வீடுகள் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகளை விடும் இடங்களுக்கானது. ஓர் அறையையோ இரண்டு அறைகளையோ விடும் குடும்பம் அதிலும் வராது. ஆகவே உங்களைக் காப்பது நீங்களும் அவர்களும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், கட்டணத்தில் என்னென்ன அடங்கும், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் இருந்தாலும் போதும். வாடகை வீட்டு முன்பணத்தைப் போல இது அரசிடம் போய்ப் பத்திரமாக இருக்காது, வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும். எனவே ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் கணக்கு வேறு. தங்குமிடத்துக்குப் பொறுப்பேற்ற பள்ளி, பிள்ளை குடியேறும் முன்பும், அதன்பின் குறைந்தது 6 மாதத்துக்கு ஒருமுறையும் அந்த இடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று தேசிய நெறிமுறை சொல்கிறது. பெற்றோர் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம், கேட்கவும் வேண்டும்.

பெரும்பாலான வீடுகள் நல்லவை. ஆயினும் ஒரு வீட்டில் உங்கள் அறைக்குள் கேட்காமல் நுழைந்தாலோ, கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ, கட்டணத்துக்கு மேல் குழந்தை பார்க்கவும் வீடு துடைக்கவும் கட்டாயப்படுத்தினாலோ, தொடுவதும் பேசுவதும் எல்லை மீறினாலோ அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அன்றே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் உதவி அலுவலரிடம் சொல்லுங்கள். ரெட்ஃபர்ன் சட்ட மையம் அந்த மாநிலத்து வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. ஆபத்து என்றால் 000. தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வந்திறங்கிய அன்றே இந்த எண்களைக் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். புகார் செய்தால் விசா போய்விடும் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். வீட்டுக்காரருக்கு விசா மேல் எந்த அதிகாரமும் இல்லை.

வேறிடம் போகத் தீர்மானித்தால் ஒப்பந்தத்தில் உள்ளபடி, வழக்கமாக இரண்டு வாரம் முன்னதாக, எழுத்தில் சொல்லுங்கள். அறையைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டு, அறை இருக்கும் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைக் கையில் கொடுத்து முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள். புது முகவரியை 7 நாளுக்குள் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும், அது விசா நிபந்தனை. வங்கிக்கும் மாணவர் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.